பிரசவ நாள் நெருங்கும்போது ஆஸ்டியோபதி கைச்சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வழிகாட்டி

என் தங்கை பொள்ளாச்சியில் வாழ்க்கைப்பட்டவள். ஏழாம் மாத வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்காகக் கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். அடுத்த இரண்டரை மாதங்களில் இரண்டு மாநிலச் சீட்டுகளையும் இரண்டு வெவ்வேறு பேறுகாலத் தேதிகளையும் சுமந்துகொண்டு அவளும் நானும் அலைந்த அலைச்சலில், "வலி வரவழைக்கிறோம்" என்று சொன்ன ஓர் இடத்தில் பணத்தையும் இழந்தோம். முறையாகப் படித்த ஒருவரிடம் பிறகு போனபோதுதான், மூட்டையும் தசையையும் கையால் தளர்த்தும் இந்த ஆஸ்டியோபதிச் சிகிச்சை எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது விளங்கியது. எங்கள் சித்தூர் தாலுகாவிலும், வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாக மாநில எல்லையின் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வரும் குடும்பங்களிலும் இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. கோப்பைத் தூக்கிக்கொண்டு உடன் போன அக்காள்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கையால் அழுத்தியும் நீவியும் பிரசவ வலியை உறுதியாகத் தொடங்கிவைக்க முடியும் என்பதற்கு வலுவான சான்று கிடையாது. அமெரிக்காவில் கடைசி மூன்று மாதத்தில் இருந்த 400 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில், ஆஸ்டியோபதி சிகிச்சை பெற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட முதுகுவலியும் நடமாட்டச் சிரமமும் குறைவாக இருந்தன. ஆனால் அதே ஆய்வில் அல்ட்ராசவுண்ட் சிகிச்சைபோலப் பாவனை மட்டும் செய்யப்பட்ட பெண்களுக்கும் ஏறத்தாழ அதே பலன் கிடைத்தது. ஒருவர் பக்கத்தில் இருந்து அரைமணி நேரம் அக்கறையோடு கவனித்தாலே கர்ப்பிணியின் உடம்பு இளகிவிடுகிறது என்றுதான் நான் அதைப் புரிந்துகொண்டேன். ஆகவே இடுப்பு, முதுகு, தொடைச்சந்து ஆகியவற்றின் இறுக்கம் தளர்ந்து, இரவில் தூங்கி, எளிதாக நடக்க வேண்டும் என்று போனால் ஏமாற மாட்டீர்கள். நாளை வலி எடுக்க வேண்டும் என்று போனால் ஏமாறுவீர்கள்.

1. முதலில் தேதியைச் சரிபாருங்கள்

எங்கள் தொல்லை முழுவதும் இங்கேதான் தொடங்கியது. தங்கையின் அட்டையில் எழுதியிருந்த பேறுகாலத் தேதி, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் கூட்டிக் கணக்கிட்டது. அந்தக் கணக்கு 28 நாள் சுற்று உள்ளவர்களுக்குப் பொருந்தும். அவளுக்கோ 35 நாளுக்குக் குறைந்து மாதவிலக்கு வந்ததே இல்லை. பதினோராம் வாரத்தில் பொள்ளாச்சியில் எடுத்த முதல் ஸ்கேன் அறிக்கை ஒன்பது நாள் பிந்திய தேதியைக் காட்டியது. அந்தத் தாளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை; நாங்களும் பார்க்கவில்லை.

அட்டைக் கணக்குப்படி 40 வாரமும் மூன்று நாளும் ஆனபோது வீடு முழுக்கப் பதறியது. "நாள் தாண்டிவிட்டதே, தண்ணீர் வற்றிவிடுமே" என்று பெரியம்மா அழுதார். உண்மையில் அன்று அவளுக்கு 39 வாரமும் ஒரு நாளும்தான்.

எனவே முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் அறிக்கையைத் தேடி எடுங்கள். ஒன்பது முதல் பதினான்கு வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன், மாதவிலக்குக் கணக்கிலிருந்து ஏழு நாளுக்கு மேல் வேறுபட்டால் ஸ்கேன் தேதியையே கொள்வது மருத்துவ வழக்கம். எட்டாம், ஒன்பதாம் மாத ஸ்கேனில் வரும் தேதியை வைத்து முதல் தேதியை மாற்றக் கூடாது. அந்த நேரத்தில் குழந்தை பெரிதாகவோ சிறிதாகவோ இருப்பதற்கு ஏற்பத் தேதி நகர்ந்துவிடும். எது இறுதித் தேதி என்று மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு, அவர் கையாலேயே அட்டையில் எழுதி வாங்குங்கள். இதற்குச் செலவு ஒரு ஓ.பி. சீட்டுதான்.

இன்னொன்று: 37 வாரம் ஆனதும் குழந்தை தயார் என்று ஊரில் பேசுவார்கள். மருத்துவக் கணக்கில் முழுமாதம் என்பது 39 வாரம் நிறைந்ததிலிருந்து 40 வாரம் ஆறு நாள்வரை. 37, 38 வாரங்களில் வலியை வரவழைக்கக் கையையோ கஷாயத்தையோ பயன்படுத்த ஒரு காரணமும் இல்லை.

2. மகப்பேறு மருத்துவரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்

"பிசியோதெரபிக்குப் போகலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "போங்கள்" என்று பொதுவாகவே பதில் வரும். வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நஞ்சு (நஞ்சுக்கொடி) எங்கே இருக்கிறது, குழந்தையின் தலை கீழே இருக்கிறதா, இரத்த அழுத்தம் எவ்வளவு, பனிக்குட நீர் போதுமா, முன்பு அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அந்தத் தழும்பு எப்படிப்பட்டது என்ற ஐந்தும் தெரிந்தாக வேண்டும்.

நஞ்சு கருப்பை வாயை மூடியிருந்தாலும், இரத்தப்போக்கு இருந்தாலும், பனிக்குடம் உடைந்திருந்தாலும், அழுத்தம் ஏறிக் காலும் முகமும் வீங்கியிருந்தாலும், குழந்தை குறுக்கே கிடந்தாலும் கைச்சிகிச்சை என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். ஒற்றைக் கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அதை நீவவே கூடாது. இரத்தம் உறைந்திருக்கக்கூடும் என்பதால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எங்கள் மருத்துவர் ஓ.பி. சீட்டின் பின்புறத்தில், இடுப்பு வலிக்கு மென்மையான கைச்சிகிச்சை செய்யலாம், வயிற்றில் அழுத்தம் கூடாது என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். அந்த இரண்டு வரியைப் பார்த்த பிறகுதான் நல்ல சிகிச்சையாளர் தங்கையைத் தொட்டார். முதலில் நாங்கள் ஏமாந்த இடத்தில் யாரும் எந்தத் தாளையும் கேட்கவில்லை. கேட்காததே அடையாளம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

3. யாரிடம் போவது

பிரிட்டனில் ஆஸ்டியோபதி தனிச் சட்டத்தின் கீழ் பதிவுபெற்ற தொழில். நம் பக்கத்தில் இந்தப் பெயரில் சிகிச்சை தருபவர்களில் பெரும்பாலோர், பிசியோதெரபி படித்துவிட்டு மேற்கொண்டு ஆஸ்டியோபதி பயிற்சி பெற்றவர்கள். சில நாள் வகுப்பில் உட்கார்ந்துவிட்டுப் பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். அதனால் பலகையை நம்ப வேண்டாம். அடிப்படைப் பட்டம் என்ன, பிசியோதெரபிஸ்டாகப் பதிவு செய்திருக்கிறாரா, கர்ப்பிணிகளுக்கு எத்தனை ஆண்டாகச் சிகிச்சை தருகிறார், மகப்பேறு மருத்துவர் யாராவது அவரிடம் ஆள் அனுப்புகிறார்களா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். முறையாகப் படித்தவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பாலக்காட்டிலும் கோயம்புத்தூரிலும் தனியார் மருத்துவமனைகளின் பிசியோதெரபிப் பிரிவுகளில் மகப்பேறு சார்ந்த பயிற்சி பெற்ற பெண்கள் கிடைக்கிறார்கள். முதலில் அங்கே விசாரிப்பது நல்லது. ஏதாவது ஆகிவிட்டால் அதே கட்டடத்தில் பிரசவ அறை இருக்கும்.

ஊரில் உள்ள மருத்துவச்சிகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். என்னைப் பெற்றெடுக்க என் அம்மாவுக்குக் கைகொடுத்தவர் அப்படி ஒருவர்தான். ஆனால் நிறைமாத வயிற்றை எண்ணெய் போட்டு மேலிருந்து கீழாக வழிப்பதற்கும், குழந்தையைத் தள்ளித் திருப்புவதற்கும் யாரையும் அனுமதிக்காதீர்கள். பலமாக அழுத்தினால் நஞ்சு முன்கூட்டியே பிரியும் ஆபத்து உண்டு, அப்படிப் பிரிந்தால் தாய், குழந்தை இரண்டு உயிருக்கும் கேடு. விளக்கெண்ணெய் குடிக்கச் சொன்னால் அதையும் மறுத்துவிடுங்கள். வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்து, வலி எடுக்கும் நாளில் உடம்பில் தெம்பே இல்லாமல் போகும்.

4. கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும்

சிகிச்சைக்குப் போகும்போதும் அதே கோப்பு கையில் இருக்கட்டும். அங்கிருந்தே பிரசவத்துக்குப் போக வேண்டி வரலாம். தாய் சேய் நல அட்டை, முதல் ஸ்கேன், ஐந்தாம் மாத ஸ்கேன், கடைசி ஸ்கேன், இரத்த வகையும் ஹீமோகுளோபினும் உள்ள பரிசோதனைத் தாள்கள், சர்க்கரைப் பரிசோதனை முடிவு, சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, மருத்துவர் எழுதிய சம்மதம், இருவரின் ஆதார் நகல், காப்பீட்டு அட்டை இருந்தால் அது ஆகியவை வேண்டும். எல்லாவற்றையும் செல்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கோப்பு ஒருமுறை வேலந்தாவளத்தில் ஆட்டோவில் தங்கிவிட்டது. ஓட்டுநர் அடுத்த நாள் கொண்டுவந்து கொடுக்கும்வரை அந்தப் படங்கள்தான் உதவின.

5. எப்போது, எத்தனை முறை, எவ்வளவு

வலி குறைவதற்காக என்றால் எட்டாம் மாதத்திலேயே போகத் தொடங்கலாம். நிறைமாதத்தில்தான் போகிறீர்கள் என்றால் 38 வாரத்துக்குப் பிறகு வாரம் ஒரு முறை போதும். தினம் வரச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள்.

நல்ல இடத்தில் எங்களுக்கு ஆன செலவு முதல் முறை 900 ரூபாய், அடுத்த முறை 700 ரூபாய். முதல் முறை ஒரு மணி நேரம். அதில் பாதி கேள்வி கேட்பதற்கே போனது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோயம்புத்தூருக்குப் போய்வர வாடகைக் கார் 1,800 ரூபாய். சிகிச்சையைவிடக் காருக்கே அதிகம் ஆயிற்று என்பதையும் கணக்கில் வையுங்கள். பேருந்தில் போனால் செலவு மிச்சம், ஆனால் வேகத்தடைகளில் குலுங்கித் திரும்பும்போது தளர்ந்த இடுப்பு மறுபடி இறுகிவிடும்.

ஏமாந்த இடத்தின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். "மூன்று நாள், 3,000 ரூபாய், வலி நிச்சயம்" என்றார்கள். முன்பணமாக முழுத் தொகையையும் கட்டினோம், ரசீது தரவில்லை. முதல் நாளே தங்கையை மல்லாக்கப் படுக்கவைத்து, கணுக்காலிலும் அடிவயிற்றிலும் அவள் கத்தும் அளவுக்கு அழுத்தினார்கள். இரவு முழுவதும் வயிறு விட்டுவிட்டு இறுகியது; பெரியம்மா சீரகத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார், விடியற்காலை அடங்கியது. சூட்டு வலிதான். இரண்டாம் நாள் நாங்கள் போகவில்லை, பணமும் திரும்பவில்லை. முன்பணம் கேட்கும் இடத்துக்கும் பலனுக்கு உறுதி சொல்லும் இடத்துக்கும் போகாதீர்கள்.

6. மேசையில் என்ன நடக்கும்

கர்ப்பிணியை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைப்பார்கள். நிறைமாதத்தில் நெடுநேரம் மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் பெரிய இரத்தக் குழாய்களை அழுத்தும். தாய்க்குத் தலைசுற்றும், குழந்தைக்குப் போகும் இரத்தம் குறையும். சிகிச்சையாளர் மல்லாக்கவே படுக்கச் சொன்னால், தலைப்பக்கம் நன்றாக உயர்த்தச் சொல்லுங்கள். அல்லது வலப்பக்க இடுப்புக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து உடம்பை இடப்பக்கமாகச் சாய்க்கச் சொல்லுங்கள்.

தங்கைக்குச் செய்தவை இவை. முதுகுத்தண்டின் அடியில் உள்ள முக்கோண எலும்பின் மேல் உள்ளங்கையை வைத்து, மூச்சின் போக்குக்கு ஏற்ப மெல்ல ஆட்டினார். அந்த எலும்பு இருபுறமும் இடுப்பெலும்போடு சேரும் மூட்டுகளை, காலை மடக்கிப் பிடித்துக்கொண்டு, "என் கையைத் தள்ளுங்கள், இப்போது விடுங்கள்" என்று சொல்லித் தசையின் சொந்த விசையாலேயே தளர்த்தினார். பிட்டத்துத் தசைகளையும், இடுப்பின் முன்பக்கம் தொடைக்கு இறங்கும் தசையையும் அழுத்தாமல் நெடுநேரம் பிடித்து இளகவைத்தார். விலாவுக்குக் கீழே கைவைத்து மூச்சை ஆழமாக விடச் சொன்னார். உதரவிதானமும் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள மூச்சுத் தசை) இடுப்புத்தளத் தசைகளும் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குவதால், மேலே தளர்ந்தால் கீழேயும் தளரும் என்பது அவர் விளக்கம். எலும்பு "டக்" என்று சத்தமிடும்படி சட்டென்று திருகும் முறையை அவர் தொடவே இல்லை. கர்ப்ப காலத்தில் மூட்டுகள் ஏற்கெனவே நெகிழ்ந்திருப்பதால் அது தேவையில்லை என்றார்.

கடைசியில் பின்மண்டையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திப் பத்து நிமிடம் அசையாமல் வைத்திருந்தார். இப்படிப் பிடித்தால் கருப்பை சுருங்கத் தொடங்கும் என்று ஆஸ்டியோபதிக்காரர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. ஆனால் அதற்கு உள்ளவை மிகச் சிறிய சோதனைகள் மட்டுமே. "தூக்கம் வரும், அதற்காகச் செய்கிறேன்" என்று அவரே சொல்லிவிட்டார். தங்கை அந்த மேசையிலேயே தூங்கிப்போனாள்.

காலின் உட்புறக் கணுவுக்கு மேல் நான்கு விரற்கடை உயரத்திலும், கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலும் அழுத்தும் அக்குபிரஷரை வலி வரவழைக்கப் பலரும் கேட்கிறார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், அதனால் அறுவை சிகிச்சை குறைந்ததாகத் தெளிவான பலன் காணவில்லை. நாள் நிறையும் முன் வீட்டில் முயல வேண்டாம்.

7. உடனே எழுந்துவிட வேண்டிய நேரங்கள்

சிகிச்சை நடக்கும்போது வலி கூடினாலும், தலைசுற்றினாலும், இரத்தம் கசிந்தாலும், நீர் வடிந்தாலும் நிறுத்தச் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்திருந்தால் அன்று சிகிச்சைக்கே போகாதீர்கள். கடைசி வாரங்களில் இடம் நெருக்கடியாகி அசைவு குறையும் என்று சொல்வது தவறு. அசைவின் தன்மை மாறலாம், குறையக் கூடாது. காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

8. அப்படியும் வலி எடுக்கவில்லை என்றால்

இனி மருத்துவமனையின் வேலை. மருத்துவர் உள்பரிசோதனையில் கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, இளகியிருக்கிறதா, எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடுவார். உங்கள் மதிப்பெண் என்ன என்று கேளுங்கள். அடுத்து என்ன செய்வார்கள் என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது.

வலி தானாகத் தொடங்கக் கையால் செய்யக்கூடிய முறை ஒன்றுக்குச் சான்று இருக்கிறது என்றால், அது பனிக்குடச் சவ்வைக் கருப்பை வாயின் உட்புறத்திலிருந்து விரலால் மெல்லப் பிரித்துவிடுவதுதான். 2020இல் வெளிவந்த, 44 ஆய்வுகளின் தொகுப்பு, அப்படிச் செய்யப்பட்ட பெண்களுக்கு வலி தானாகத் தொடங்கும் வாய்ப்பு கூடியதைக் காட்டியது. அதை மருத்துவரோ பயிற்சி பெற்ற பிரசவச் செவிலியரோ மட்டுமே, உங்களிடம் சொல்லிச் சம்மதம் பெற்றுச் செய்ய வேண்டும்; எந்த மசாஜ் நிலையத்திலும் யாரும் செய்யக் கூடாது. பிறகு சிறிது இரத்தக் கசிவும் பிடிப்பு வலியும் இருக்கலாம்.

தேதி உறுதியாகத் தெரிந்து, தாய்க்கோ குழந்தைக்கோ வேறு சிக்கல் இல்லாத பெண்களுக்கு 41 வாரம் நிறைந்தால் வலியைத் தூண்டலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சர்க்கரையோ அழுத்தமோ இருந்தால் மருத்துவர் அதற்கு முன்பே சொல்வார். அப்போது "இன்னொரு முறை கைச்சிகிச்சை பார்த்துவிட்டு வருகிறோம்" என்று நாளைத் தள்ளாதீர்கள். தங்கைக்கு ஸ்கேன் கணக்குப்படி 40 வாரமும் இரண்டு நாளும் ஆன இரவில் தானாகவே வலி எடுத்தது. இரண்டாவது சிகிச்சை முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அதைச் சிகிச்சையின் பலனாக நான் எழுத மாட்டேன். நாள் வந்தது, குழந்தை வந்தது.

9. எல்லை தாண்டிப் பெறுவதானால்

தமிழ்நாட்டில் பிரசவம் என்றால் பிக்மி (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவேடு) பதிவும் அதில் கிடைக்கும் ஆர்.சி.எச். என்ற தாய் சேய் நல எண்ணும் வேண்டும், பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள். கேரளத்தில் ஆஷா பணியாளர் வழியாகப் பதிந்துவிட்டு அக்கரைக்குப் போகிறவர்கள், எட்டாம் மாதத்துக்குள் அந்த ஊர்க் கிராம சுகாதார செவிலியரைப் பார்த்தோ 102ஐ அழைத்தோ இதை முடித்துவிடுங்கள். பெயரின் எழுத்துகள் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். தங்கைக்குப் பொள்ளாச்சிப் பதிவு ஏற்கெனவே இருந்தும், எங்கள் ஊருக்கு வந்த பிறகு போட்ட தடுப்பூசியும் பரிசோதனையும் அதில் ஏறவில்லை. கேரள அட்டையைக் காட்டி எழுதவைக்க இரண்டு முறை போக வேண்டியிருந்தது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவியும் இந்தப் பதிவைச் சார்ந்ததுதான்.

பிறப்பைப் பதிய வேண்டியது குழந்தை பிறந்த ஊரில். வீடு எந்த மாநிலத்தில் என்பது பொருட்டல்ல. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. பெயர் முடிவாகவில்லை என்றாலும் பதிந்துவிடுங்கள், பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம்.

108 இரண்டு மாநிலத்திலும் உண்டு. ஆனால் எங்கள் வீட்டுப் பின்புறத்திலிருந்து அழைத்தபோது செல்பேசி அக்கரைக் கோபுரத்தைப் பிடித்து, அழைப்பு தமிழ்நாட்டுப் பக்கம் போய்விட்டது. கொழிஞ்சாம்பாறை என்று சொன்னதும் எந்த மாவட்டம் என்று கேட்டு, கேரளத்துக்கு மாற்றிவிடுவதற்குள் பல நிமிடம் போயிற்று. அதன் பிறகு, இரவில் கூப்பிட்டால் வரக்கூடிய இரண்டு கார் ஓட்டுநர்களின் எண்ணை அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டினேன். கடைசியில் அந்த இருவரில் ஒருவர்தான் வந்தார், பின்னிரவு இரண்டே காலுக்கு.